சரிவில் நின்ற ஏரி

2021ஆம் வருடம் ஆவணி மாதத்தில், மழையில்லாத ஒரு செவ்வாய்க்கிழமை, மாலை ஐந்து மணிக்குச் சற்று முன்பு, கொல்லிமலை பெரக்கரை நாட்டின் கருங்காட்டுப்பட்டியில் மயிலம்மாளின் மூன்று ஏக்கர் மரவள்ளிக்காடு ஏரியாகிவிட்டது. தண்ணீர் வானத்திலிருந்து இறங்கவில்லை, ஓடையிலிருந்து ஏறவில்லை, ஊற்றும் எடுக்கவில்லை. மரவள்ளி நின்ற இடத்தில் தண்ணீர் நின்றது. காடு மலைச்சரிவில் இருந்ததால் ஏரியும் சரிந்தே நின்றது. மேல்வரப்பில் ஒன்றரை ஆள் ஆழம், கீழ்வரப்பிலும் அதே ஒன்றரை ஆள் ஆழம். சர்வே கல் நட்ட நான்கு மூலைகளுக்குள் அது அடங்கியிருந்தது. கல்லைத் தாண்டி ஒரு சொட்டுகூடப் பக்கத்துக் காட்டுக்காரர் அர்த்தனாரியின் சாமைப் பயிரில் விழவில்லை. எல்லையில் தண்ணீர் சுவர் போல நிமிர்ந்து நின்றது. மறுநாள் காலையிலேயே அர்த்தனாரியின் மாடுகள் அந்தச் சுவருக்குள் முகத்தை நீட்டிக் குடிக்கப் பழகிக்கொண்டன.

வீடும் அதே சர்வே நம்பருக்குள் இருந்தது. மயிலம்மாள் உள்ளே களி கிண்டிக்கொண்டிருந்தாள். அடுப்பு அணைந்து, பானை மிதந்து, கண்ணெதிரே ஒரு ஜிலேபிக் கெண்டை போவதைப் பார்த்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தாள். மேல்வரப்பைத் தாண்டி ஓர் அடி வைத்ததும் முகம் காற்றுக்கு வந்தது. ஆடுகள் இரண்டும் நீந்திக் கரையேறின. கோழிகள் பலாமரத்தில் ஏறிக்கொண்டன. அடிவாரத்தில் கட்டட வேலைக்குப் போயிருந்த அவள் கணவன் பொன்னன் அடுத்த நாள் முதல் பஸ்ஸில் வந்து இறங்கி, வரப்பில் வெகுநேரம் நின்றான். "மயிலு, ஊடு எங்க?" என்று கேட்டான். "உள்ள இருக்குது" என்றாள் அவள். அர்த்தனாரி தன் காட்டு ஓரத்தில் மாட்டுத்தீவனம் போட்டுவைக்கும் கொட்டகையை அவர்களுக்கு ஒழித்துக் கொடுத்தார்.

மலைக்கு நிலக்கணக்குப் பார்க்க அப்போது புதிதாக ஒரு பதிவு மையம் வந்திருந்தது. இரண்டு அறை, ஒரு கம்ப்யூட்டர், அதன்முன் யுவராஜ் என்கிற ஒப்பந்த ஊழியர், அவருக்குப் பின்னால் மின்விசிறிக்கு நேர்கீழே மேற்பார்வை அலுவலர் குழந்தைசாமி. திங்கட்கிழமை மனு நாள். மயிலம்மாள் வரிசையில் நின்று சர்வே நம்பரைச் சொன்னாள். யுவராஜ் தட்டிப் பார்த்தார்.

"இந்த நம்பர் ஏரின்னுதானுங்க அக்கா இருக்குது."

"போன வாரம் வரைக்கும் காடுங்க. பட்டா இருக்குதுங்க, ஊட்டுக்குள்ள. ஊடு தண்ணிக்குள்ள."

"செவ்வாய்க்கெழம மாறியிருக்குதுங்க."

"யாருங்க மாத்துனது?"

அதற்குக் குழந்தைசாமி பதில் சொன்னார். "யாரும் மாத்தலம்மா. மாறியிருக்கு. கம்ப்யூட்டர் சொல்லுதுல்ல?" இதைச் சொல்லும்போது அவர் சிரித்தார் என்பதையும் இங்கே எழுதிவைக்க வேண்டியிருக்கிறது.

அடுத்த பதினான்கு மாதங்களில் மயிலம்மாள் இருபத்திரண்டு மனு கொடுத்தாள். இருபத்திரண்டுக்கும் பதில் வந்தது, எந்தப் பதிலிலும் ஒரு மனிதர் இல்லை. பரிசீலிக்கப்பட்டது என்றிருந்தது, யார் பரிசீலித்தார் என்று இல்லை. நிராகரிக்கப்பட்டது என்றிருந்தது, நிராகரித்தவருக்குப் பெயர் இல்லை. ஏரியை மறுபடி காடாக்க வேண்டுமானால் காரணம் காட்ட வேண்டும் என்றார்கள். காரணங்களுக்குக் கம்ப்யூட்டரில் ஒரு பட்டியல் இருந்தது. அந்தப் பட்டியலில் ஒரே ஒரு காரணம்தான் இருந்தது: நீர் வற்றிவிட்டது. அதற்கு அலுவலர் நேரில் வந்து பார்த்துச் சான்று தர வேண்டும். குழந்தைசாமி ஜீப்பில் வந்தார், வரப்பில் நின்றார், குச்சியைத் தண்ணீருக்குள் விட்டுப் பார்த்தார். "தண்ணி இருக்கேம்மா" என்றார். "கம்ப்யூட்டர்ல ஏரின்னு போட்டதாலதானுங்க தண்ணி வந்துது" என்றாள் மயிலம்மாள். "தண்ணி இருக்கறதாலதான்ம்மா கம்ப்யூட்டர் ஏரின்னு சொல்லுது" என்றார் அவர். நீர் உள்ளது என்று எழுதிக்கொண்டு இறங்கிப் போனார். ஏரி சரிவாக நிற்பதைப் பற்றி அவர் குறிப்பில் ஒன்றுமில்லை. அதை எழுதப் படிவத்தில் இடமில்லை.

பிறகு நோட்டீஸ் வந்தது. நீர்நிலையை ஆக்கிரமித்து வீடு கட்டியிருப்பதாகவும், தாங்களே இடித்துக்கொள்ளாவிட்டால் இடிக்கப்படும் என்றும் அதில் இருந்தது. முதல் நோட்டீஸைப் பலாமரத்தில் ஒட்ட முடியாமல் அர்த்தனாரியின் மாட்டுக் கம்பத்தில் ஒட்டிவிட்டுப் போனார்கள். அந்த வருடமே ஏரியின் மீன்பாசி குத்தகை ஏலம் விடப்பட்டு, அடிவாரத்துக்காரர் செல்வம் என்பவருக்குப் போனது. அவர் நல்ல மனிதர். வலை வீசும்போது அகப்பைக்கூடு, சாமிப்படம், பொன்னனின் ஒற்றைச் செருப்பு என்று எது சிக்கினாலும் துடைத்துக் கொட்டகையில் கொண்டுவந்து கொடுத்தார். ஒருநாள் அவர் மயிலம்மாளின் அடுப்புக்கு மேலே வலை வீசுவதை அவள் வரப்பில் நின்று பார்த்தாள். அன்றைக்குத்தான் அவளுடைய வருத்தம் முழுவதும் கோபமானது. தண்ணீர்மேல் கோபமில்லை, செல்வத்தின்மேலும் இல்லை. "கம்ப்யூட்டர் சொல்லுது" என்ற அந்த இரண்டு வார்த்தைகள்மேல் கோபம். மலையில் யார் எதைக் கேட்டுப்போனாலும் இதே இரண்டு வார்த்தை. அது என்ன பொருள், எதைத் தின்று எதைப் பேசுகிறது என்று தெரிந்துகொள்ளாமல் இனி ஒரு மனுவும் எழுதுவதில்லை என்று முடிவு செய்தாள்.

மயிலம்மாளுக்கு அப்போது நாற்பத்தோரு வயது. எட்டாவது வரை படித்திருந்தாள். சோளக்காடு என்ற ஊரில் மிக்ஸி, இன்வெர்ட்டர், சார்ஜர் பழுது பார்க்கும் சுகுணாவின் கடைக்குப் போய், "கம்ப்யூட்டர்னா என்ன கண்ணு?" என்று கேட்டாள். சுகுணா அவளைவிடப் பத்து வயது இளையவள், டிப்ளமோ இரண்டாம் வருடத்தோடு படிப்பை நிறுத்தியவள்.

"உள்ள சிப்பு இருக்கும்க்கா. போச்சுன்னா வேற மாத்தீருவோம்."

"அந்தச் சிப்புக்குள்ள?"

சுகுணா கையிலிருந்த சால்டரிங் கம்பியை வைத்துவிட்டு யோசித்தாள். "நெசமாச் சொன்னா எனக்கும் தெரியாதுக்கா."

"யாருக்குமே தெரியாத ஒன்னா என்ற காட்டை எடுத்துக்கிச்சு?"

இந்தக் கேள்வி சுகுணாவைச் சுட்டது. அன்று மாலை அவள் பரணிலிருந்து தன் டிப்ளமோப் புத்தகங்களை இறக்கினாள். பதில் தெரியாமலேயே பரீட்சை எழுதித் தேறிய பாடங்கள் அதில் நிறைய இருந்தன. மறுநாள் வந்த மயிலம்மாளிடம், இரண்டு பேருமாகப் படிக்கலாம் என்றாள். மயிலம்மாள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "ஏணி மாதிரிப் போவோம். காலு பாவாத படிக்கு மேல என்னைய ஏத்தாத."

முதல் படி சுவிட்ச். இரண்டு சுவிட்சை ஒரே கம்பியில் அடுத்தடுத்துப் போட்டால் இரண்டையும் அழுத்தினால்தான் பல்பு எரியும். பக்கம்பக்கமாகப் போட்டால் ஏதாவது ஒன்றை அழுத்தினால் போதும். மாடிப்படிக்குக் கீழே ஒன்றும் மேலே ஒன்றும் போடுவார்களே, அந்த மாதிரி இணைத்தால் இரண்டில் ஒன்று மட்டும் போட்டிருக்கும்போது எரியும், இரண்டையும் போட்டால் அணையும். இதை முடிக்க மூன்று நாள் ஆனது. இரண்டாவது படி, சுவிட்சை மனிதக் கை இல்லாமல் போடுவது. மலையில் கரண்ட் ஏறி இறங்குவதால் டிவி வைத்திருந்த எல்லா வீட்டிலும் ஸ்டெபிலைசர் இருந்தது, ஆயுள் முடிந்த ஸ்டெபிலைசர்கள் சுகுணாவின் கடைக்குப் பின்னால் மூட்டையாகக் கிடந்தன. அதற்குள் 'டக், டக்' என்று சத்தம் போடுவது ரிலே. கம்பிச் சுருளில் கரண்ட் பாய்ந்தால் அது காந்தமாகி, ஒரு தகட்டை இழுத்து, இன்னொரு சுவிட்சைப் போடும். ஒரு சுவிட்ச் இன்னொரு சுவிட்சைப் போடுகிறது, அது அடுத்ததைப் போடுகிறது. வேலையெல்லாம் இவ்வளவுதான் என்று சுகுணா சொன்னபோது மயிலம்மாள் நம்பவில்லை. மூட்டையிலிருந்து ரிலேக்களைப் பிடுங்கி, ஒரு பலாப் பலகையில் வரிசையாக ஒட்டி, பழைய பைக் பேட்டரியில் இணைத்தார்கள். மாடிப்படி இணைப்பையும் அடுத்தடுத்த இணைப்பையும் சேர்த்தபோது, அந்தப் பலகை ஒன்றையும் ஒன்றையும் கூட்டி இரண்டு என்றது. டக் என்று ஒரு சத்தம், இரண்டு என்பதற்கு வைத்திருந்த இரண்டாவது பல்பு எரிந்தது.

சுகுணா கைதட்டினாள். மயிலம்மாளுக்கு ஆத்திரம்தான் வந்தது. "இதுக்குத் தெரியாது சுகுணா. ஒன்னுன்னா என்ன, ரெண்டுன்னா என்னன்னு இதுக்கு ஒன்னுமே தெரியாது. நாமதான் பல்பைப் பாத்து ரெண்டுங்கறோம்." சுகுணா டிப்ளமோவில் படித்த இரண்டு வருடத்தில் எந்த வாத்தியாரும் இதை இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

மயிலம்மாள் மிளகு பறிக்கக் கூலிக்குப் போய்விட்டு மத்தியானத்துக்கு மேல் வருவாள். ஒரு வருடம் இப்படிப் போனது. நினைவு என்பது என்ன என்று பார்த்தார்கள். ஒரு ரிலே எழுந்ததும் தனக்கு வரும் கரண்டைத் தானே பிடித்துக்கொள்ளும்படி கம்பி கொடுத்தால், விரலை எடுத்த பின்னும் அது விழாமல் நிற்கும். வேறொருவர் கம்பியைத் துண்டிக்கிறவரை நின்றுகொண்டே இருக்கும். அதுதான் நினைவு. நிற்பதை ஒன்று என்றும் விழுந்ததைச் சைபர் என்றும் வைத்துக்கொண்டு, நான்கு, இரண்டு, ஒன்று என மதிப்புக் கொடுத்த மூன்று ரிலேயில் சைபர் முதல் ஏழு வரை எழுதினார்கள். எழுத்துக்கும் ஆளுக்கொரு நம்பர் கொடுத்திருக்கிறார்கள் என்று புத்தகம் சொன்னது. மயிலம்மாள் என்ற பெயரும் உள்ளே நம்பர்தான். கொடுத்தது யார் என்று கேட்டாள். உலகத்தில் சிலர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசி முடிவு செய்தார்கள் என்று புத்தகத்தில் இருந்தது. சேமிப்பதற்கு மேலே பட்டியல், பட்டியலுக்கு மேலே கேள்வி, கேள்விக்கு மேலே திரை என்று ஏறிக்கொண்டே போனார்கள். ஒவ்வொரு படியிலும் யாரோ ஒருவர் இப்படி இருக்கட்டும் என்று சொல்லியிருந்தார். ஒரு படியில்கூடத் தானாக ஒன்றும் நடந்திருக்கவில்லை. இதைக் கண்டுபிடிக்கக் கண்டுபிடிக்க மயிலம்மாளின் கோபம் கூடியது. கோபம் கூடினால் அவளுக்குக் கை சூடாகும். அந்த வருடம் சுகுணா சால்டரிங் கம்பியைக் கரண்டில் செருகாமல் அவள் கையில் கொடுத்தாலே ஈயம் உருகியது. செலவு மிச்சம் என்று இருவரும் அப்படியே பழகிக்கொண்டார்கள்.

ஒருநாள் டீக்கடையில் யுவராஜைப் பார்த்தபோது, நிலத்தின் வகைகளுக்கு என்ன நம்பர் என்று மயிலம்மாள் கேட்டாள். அதில் ரகசியம் ஒன்றுமில்லை என்பதால் அவர் சொன்னார். புன்செய்க்கு இரண்டு, நீர்நிலைக்கு ஆறு. மயிலம்மாள் கடைக்கு வந்து பலகையில் இரண்டை வைத்தாள்: முதல் ரிலே விழுந்திருந்தது, நடுவில் இருந்தது நின்றது, கடைசி விழுந்திருந்தது. பிறகு ஆறு வைத்தாள். நடுவும் கடைசியும் அப்படியே இருந்தன. முதல் ரிலே மட்டும் டக் என்று எழுந்து நின்றது.

"மூணு ஏக்கரா," என்றாள் மயிலம்மாள். "ஊடு, அடுப்பு, பலாமரம், எங்க மாமனாரை எரிச்ச எடம். அத்தனையும் இந்த ஒரு டக்குதானா?"

சுகுணா எழுந்து நின்ற ரிலேயை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

மயிலம்மாள் விரல்விட்டு எண்ணிக்கொண்டே பேசினாள். செவ்வாய்க்கிழமை மாறியிருக்கிறது என்று யுவராஜ் முதல் நாளே திரையைப் பார்த்துத்தான் சொன்னார். அப்படியென்றால் மாறிய நாளும் உள்ளே எழுதியிருக்கிறது. அதைத் தானாக எழுதிக்கொள்ள அதற்குத் தெரியாது. நாளை எழுதிவை என்று ஒருவன் சொல்லிக்கொடுத்திருக்கிறான். "நாளை எழுதச் சொன்னவன், பேரை எழுதச் சொல்லாமயா உட்டிருப்பான்?"

மூன்றாவது நோட்டீஸ் வந்துவிட்டிருந்தது. கார்த்திகை இருபதாம் தேதி வீடு இடிக்கப்படும் என்றிருந்தது. அதற்கு ஏழு வாரம் முன்பாக வந்த திங்கட்கிழமை, பலகையைச் சும்மாட்டில் வைத்துத் தலையில் தூக்கிக்கொண்டு மயிலம்மாள் பஸ் ஏறினாள். பேட்டரியைச் சுகுணா மடியில் வைத்திருந்தாள். பொன்னனும் கூட வந்தான். மையத்தில் அன்று நாற்பது பேர் வரிசையில் இருந்தார்கள். மயிலம்மாள் தன் முறை வரும்வரை நின்று, மேசைமேல் பலகையை இறக்கினாள்.

"என்னம்மா இது, சர்க்கஸா?" என்றார் குழந்தைசாமி.

"கம்ப்யூட்டருங்க சார். சின்னது. உங்களுதுல இருக்கறது இதே சாதிதானுங்க, அதுல கோடிக்கணக்குல இருக்குது, அவ்வளவுதான்." இரண்டை வைத்துக் காட்டினாள். "இது என்ற காடு." முதல் ரிலேயை அழுத்தினாள். டக். "இது நீங்க சொல்ற ஏரி."

"அதான்ம்மா நானும் சொல்றேன். வோல்டேஜ் ஏறி எறங்குது. ஏதோ ஒன்னு மாறியிருக்கும். மெஷினுதான?"

மயிலம்மாள் இதற்காகத்தான் காத்திருந்தாள். மறுபடி இரண்டை வைத்தாள். சுகுணா பேட்டரிக் கம்பியை மெல்லத் தளர்த்தினாள். நின்ற ரிலேயும் விழுந்தது. பத்துத் தடவை செய்தார்கள், பத்துத் தடவையும் விழுந்தது. வரிசையில் இருந்தவர்கள் மேசையைச் சுற்றி வந்துவிட்டார்கள்.

"கரண்டு கொறைஞ்சா நிக்கறது விழுமுங்க சார். விழுந்து கெடக்கறது எந்திரிக்காது. என்ற காட்டுல ஒன்னு எந்திரிச்சு நிக்குது. விழுந்துதுன்னா நம்பீருவேன். தானா எந்திரிச்சுதுன்னு சொன்னா எப்புடிங்க நம்பறது?"

யுவராஜ் தலையைக் குனிந்துகொண்டே, பெரிய மெஷினில் இதைவிடக் காவல் அதிகம், அதில் இன்னும் நடக்காது என்று மெதுவாகச் சொன்னார். குழந்தைசாமி அவரை ஒரு பார்வை பார்த்தார். மயிலம்மாள் யுவராஜ் பக்கம் திரும்பினாள்.

"தம்பி, ஏன் மாறுச்சுன்னு நான் இனிமேக் கேக்கல. யாரு மாத்துனாங்க, எத்தனை மணிக்குன்னு காட்டுங்க. உள்ள இருக்குது."

யுவராஜ் ஒப்பந்த ஊழியர். வருடாவருடம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கக் கையெழுத்துப் போடுகிறவர் பின்னால் மின்விசிறிக்குக் கீழே இருந்தார். யுவராஜ் விரலை விசைப்பலகைமேல் வைத்தார். பிறகு, "மனுதாரர் கேட்டாங்கன்னா காட்டோணும்னு ரூல்ல இருக்குதுங்க சார்" என்றார். "இன்னவரைக்கும் யாரும் கேட்டதில்லீங்க." திரையின் ஓரத்தில் ஒரு விரல்நகம் அளவுக்கு இருந்த 'மாற்ற வரலாறு' என்ற பொத்தானை அழுத்தி, திரையை எல்லோரும் பார்க்கும்படி திருப்பினார். அதில் மயிலம்மாளின் சர்வே நம்பர் இருந்தது, தேதி இருந்தது, மாலை நான்கு ஐம்பத்திரண்டு என்று நேரம் இருந்தது. அடுத்த கட்டத்தில் குழந்தைசாமியின் பெயர் இருந்தது.

"என் பேர்ல பதிவாகியிருக்கு" என்றார் குழந்தைசாமி.

"பதிவாகியிருக்குதுங்களா, பதிஞ்சீங்களா?"

அவர் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். நாற்பது பேரும் அவர் வாயையே பார்த்தார்கள். "பதிஞ்சேன்" என்றார்.

"எதுக்குங்க?"

"மீட்கப்பட்ட நீர்நிலைன்னு மாசத்துக்கு மூணு காட்டச் சொன்னாங்க. ரெண்டுதான் இருந்துது. அஞ்சு மணிக்குள்ள அனுப்போணும்."

"மூவாயிரம் நம்பர் இருக்குதுங்களே. என்றது எதுக்கு?"

குழந்தைசாமி கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். "போன் நம்பர் இல்லாத பட்டாவாப் பாத்தேன்" என்றார். "வந்து கேக்க மாட்டாங்கன்னு."

பொன்னன் அவரை அடிக்கப் போனான். வரிசையில் இருந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள். மயிலம்மாள் பெஞ்சில் உட்கார்ந்தாள். இரண்டு வருடம் அடிபட்டதைவிட இந்த ஒரு வாக்கியம் அதிகமாக அடித்தது. அவள் கை வைத்த இடத்தில் பெஞ்சின் பெயிண்ட் கொப்பளித்து எழும்பியது. அந்த ஐந்து விரல் தடத்தை இன்றும் பார்க்கலாம்.

குழந்தைசாமி பயந்துபோய், உடனே மாற்றிவிடலாம் என்றார். நீர் வற்றிவிட்டது என்ற காரணத்தைத் தேர்ந்தெடுத்து, மயிலம்மாள் ஒரு கையெழுத்துப் போட்டால், சான்றை அவரே இப்போதே தந்துவிடுவார். சாயங்காலத்துக்குள் காடு வந்துவிடும். படிவம் அச்சாகி வந்தது. மயிலம்மாள் வாசித்துவிட்டுக் கீழே வைத்தாள்.

"வத்தலீங்க. இல்லாத ஏரி எப்புடிங்க வத்தும்?"

"போட்டுரு மயிலு," என்றான் பொன்னன். "என்ன எழுதுனா என்ன? தண்ணி போனாப் போதும். ரெண்டு வருசமா மாட்டுக் கொட்டாயில படுக்கறோம்."

"ஏனுங்க, வத்துன ஏரியும் ஏரிதானுங்க. நாளைக்கு இதே நம்பரை எடுத்து, ஏரிக்குள்ள ஊடு கட்டியிருக்கறேன்னு இன்னொருத்தன் வருவான். அப்ப என்ற கையெழுத்தையே எனக்குக் காட்டுவான்." அவள் படிவத்தை நாலாக மடித்து மேசைமேல் வைத்தாள். "தப்பாப் பதிஞ்சோம்னு எழுதுங்க. போட்டுத் தாரேன்."

அப்படி ஒரு காரணம் பட்டியலில் இல்லை என்றார் யுவராஜ். பட்டியலையும் ஒருத்தர்தானே எழுதியிருப்பார், அவரை எழுதச் சொல்லுங்கள் என்றாள் மயிலம்மாள். அன்று பொன்னன் அவளோடு பஸ் ஏறவில்லை. நடந்தே இரவு வந்து சேர்ந்தான். பதினைந்து நாள் பேசாமல் இருந்தான். அதற்காக அவனைக் குறை சொல்ல ஊரில் யாருக்கும் மனம் வரவில்லை, மயிலம்மாளுக்கும் வரவில்லை.

மென்பொருளை எழுதியவர்கள் வேறொரு ஊரில் இருந்தார்கள். சுகுணா கடிதம் எழுதினாள், வரிசையில் நின்ற நாற்பது பேரும் கையெழுத்துப் போட்டார்கள். மூன்று வாரத்தில் பட்டியலில் புதிதாக ஒரு வரி வந்தது: தவறாகப் பதிவாகிவிட்டது. மயிலம்மாள் மாட்டேன் என்றாள். தானாகப் பதிவாகாது என்று பலகையைக் காட்டினாள். கடிதம் மறுபடி போனது. இரண்டு வாரத்தில் அதைத் திருத்தித் தவறாகப் பதியப்பட்டது என்று அனுப்பினார்கள். அதற்கும் மாட்டேன் என்றாள். இந்தத் தடவை அந்த ஊரிலிருந்து ஒரு பொறியாளர் போனில் அழைத்து, இரண்டுக்கும் என்னம்மா வித்தியாசம் என்று எரிச்சலோடு கேட்டார். "ரெண்டுலயும் ஆளைக் காணமுங்க" என்றாள் மயிலம்மாள். வீட்டை இடிக்க ஜேசிபி வருவதாக இருந்த கார்த்திகை இருபதுக்கு இரண்டு நாள் முன்பு, பட்டியலில் அந்த வரி மூன்றாவது வடிவத்தில் வந்தது: அலுவலர் தவறாகப் பதிந்தார்.

காலை பதினொன்றே காலுக்கு மயிலம்மாள் கையெழுத்துப் போட்டாள். குழந்தைசாமி தன் கையாலேயே விசையை அழுத்த வேண்டும் என்றாள், அவர் அழுத்தினார். கருங்காட்டுப்பட்டியில் அர்த்தனாரி பார்த்துக்கொண்டிருந்தார். ஏரி ஒரு தடவை சிலிர்த்தது. பிறகு, சரிவில் கீழ்நோக்கி ஓடாமல், படுத்திருந்த மாடு எழுந்து மந்தைக்குப் போவதுபோல மேல்நோக்கி நகர்ந்து, மேல்வரப்பைத் தாண்டிக் காற்றில் இல்லாமல் போனது. நான்கு மூலையிலும் சர்வே கற்கள் ஈரமாக நின்றன. வீட்டின் ஓடு ஒன்றுகூட உடையவில்லை.

அந்தப் புதிய வரியை மலையில் முதல் மாதமே அறுநூறு பேர் கேட்டு வாங்கினார்கள். திருப்புலி நாட்டு இளங்கோ என்பவர் பட்டாவில் பிறந்த வருடத்தை 2081 என்று பதிந்துவிட்டதால் இரண்டு வருடமாகப் பிறக்காமலேயே இருந்தவர். வீட்டில் அவருக்கு இலை போடுவார்கள், சோறு குறையும், ஆளைத்தான் காண முடியாது. அவர் நாற்பத்திரண்டாவது வயதில் ஒரு புதன்கிழமை பிறந்து, நேராக மையத்துக்கு வந்து, பதிந்தது யார் என்று பெயர் கேட்டார். குழந்தைசாமியை வேறு ஊருக்கு மாற்றினார்கள். உத்தரவில் மாற்றப்பட்டார் என்றுதான் இருந்தது. யுவராஜின் ஒப்பந்தம் அந்த வருடம் புதுப்பிக்கப்படவில்லை. அவர் சுகுணாவின் கடைக்குப் பக்கத்தில் மனு எழுதித் தரும் கடை போட்டு, இப்போது நன்றாக இருக்கிறார்.

மயிலம்மாளிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. அவள் வீட்டுக்குள் போய், அடுப்புக்குள் படிந்திருந்த சேற்றை வழித்துவிட்டு, நனைந்த விறகோடு மல்லுக்கட்டாமல் இரண்டு கையையும் அடுப்புக்குள் வைத்துத் தண்ணீர் காய்ச்சினாள். பொன்னன் அவளுக்கு முன்னால் உட்கார்ந்து, "நீ சொன்னதுதான் சரி மயிலு" என்றான். அப்போதுதான் அவள் அழுதாள். கை ஆறுவதற்கு அடுத்த சித்திரை ஆனது.

மீன்களைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும். ஏரி என்று பதிவில் இருந்தது, மீன் என்று எங்கேயும் இல்லை. அதனால் தண்ணீரைப் போகச் சொன்னபோது மீனைப் போகச் சொல்ல யாரும் இல்லை. அவை மண்ணுக்குள்ளேயே தங்கிவிட்டன. மரவள்ளிக் கிழங்குகளுக்கு நடுவே, இருந்த ஆழத்திலேயே, நீந்திக்கொண்டு இருக்கின்றன. கிழங்கு பிடுங்கும்போது தூருக்கு ஒன்றிரண்டு வரும். கிழங்கு லாரிக்காரர் முதலில் கொஞ்சம் யோசித்தார், பிறகு மீனுக்கென்று தனியாக ஒரு கூடை கொண்டுவர ஆரம்பித்தார். உள்ளங்கை நீளம்கூட வராத குஞ்சாக இருந்தால் மயிலம்மாள் அதை மறுபடி குழிக்குள் விட்டு, காலால் மண்ணைத் தள்ளி மூடிவிட்டு, அடுத்த தூருக்குப் போகிறாள்.